முதுகில் இரண்டு துளை

போன கிழமை நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். பனிச்சப்பாத்தில் தொடங்கி, பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் போய், நடுவில் கோழிக்கறி சமைத்து, கடைசியில் சப்பாத்தையே மறந்துவிட்டேனாம். "உமக்கு ஒரு இடத்தில நிக்கேலாதோ?" என்று கேட்டார்.

ஏலாது ஐயா. அது என் பிறவிக் குணம். அந்தக் குணம் என்னை ஒருமுறை எங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

பனி கரைந்து மொன்றியல் டவுன்டவுன் தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறாகக் கிடந்த காலம். நான் அப்போது அங்கே ஒரு ஜப்பானிய உணவகத்தில் சுஷி செய்துகொண்டிருந்தேன். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. அன்று காலை நான் சூரை மீன் வைக்க வேண்டிய சோற்று உருளையில் வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டினேன். திருத்தச் சொன்னார்கள். மறுபடியும் வெள்ளரிக்காயையே வைத்தேன். முதலாளி என் கையிலிருந்து கத்தியை வாங்கிவிட்டு, ஒரு மெல்லிய தூரிகையையும் ஒரு திறப்பையும் தந்தார். காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் பூட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள்ளே இருந்த சின்னச் சிலைகளைத் தூசு தட்டு என்று அர்த்தம்.

முதலில் கையில் வந்தது தன்னைவிடப் பெரிய மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு குண்டுப் பிள்ளை. மஞ்சள் மரம். என் கட்டைவிரல் நீளம்கூட வராது. பிள்ளையின் விரல்கள், மீனின் செதில்கள், தொப்புள் எல்லாம் இருந்தன. திருப்பிப் பார்த்தேன். முதுகில் இரண்டு துளைகள். ஒன்று பெரிது, மற்றது சிறிது. உள்ளே ஒன்றோடொன்று சந்தித்தன.

"குணா அண்ணை, இது அரைஞாணில கோக்கிற சாமான்" என்றேன்.

இறால் உரித்துக்கொண்டிருந்த குணா அண்ணை தலை நிமிரவில்லை. "உனக்கு இப்ப எதைக் கண்டாலும் அரைஞாண்தான்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

பெட்டிக்குள் இருந்த வீரர்கள்

சிலைகள் எல்லாமே ஜப்பான் நாட்டுக் கதைகளில் வரும் வீரர்கள். முதலாளியின் தகப்பன் அங்கிருந்து கொண்டுவந்தவை. சில மரத்தில் செய்தவை, சில மான்கொம்பில். உள்ளங்கையில் மூன்றைப் பொத்திப் பிடிக்கலாம். இவற்றுக்கு நெட்சுகே என்று பெயர். அந்தப் பெயர் மட்டும்தான் எனக்கு நிலைத்தது. வீரர்களின் பெயர்களை முதலாளி பலதரம் சொல்லித் தந்திருக்கிறார். என் வாயில் அவை ஒவ்வொரு தடவையும் வேறு பெயராகத்தான் வரும். அவற்றை இங்கே எழுதி அவமானப்பட விருப்பமில்லை.

நாங்கள் சமையலறைக்காரர் எங்கள் வசதிக்குப் பெயர் வைத்திருந்தோம். தாடி வைத்துக்கொண்டு ஒரு பேயைக் காலால் மிதித்தபடி நிற்பவர் வைரவர். பென்னம்பெரிய கோயில் மணியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறும் சந்நியாசி வீரன், வேறு யார், கோயில் மணியம். அரக்கனின் வெட்டிய கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் கைமுறிச்சான். மீனைப் பிடித்த பிள்ளைக்கு மீன்மடக்கி என்று குணா அண்ணை வைத்தார்.

மீன்மடக்கியின் கதையை முதலாளி எனக்குச் சொல்லியிருந்தார். காட்டு மலையில் வளர்ந்த பிள்ளையாம். கரடியோடு மல்லுக்கட்டுவானாம். ஆற்றில் ஆளை விழுங்கும் மீனை வெறுங்கையால் அடக்கினானாம். ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் அவன் உருவத்தை வைப்பார்களாம், பிள்ளை பலசாலியாக வரட்டும் என்று.

வேறு நேரமாக இருந்திருந்தால் 'ஓகோ' என்று கேட்டுவிட்டு மறந்திருப்பேன்.

என் காதின் வியாதி

மொன்றியலில் ஜப்பானியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் பலருக்கு, அதை உருட்டித் தருகிறவன் யாழ்ப்பாணத்தான் என்பது தெரியாது. தெரிந்தவர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெண், நீங்கள் ஜப்பானில் எந்தப் பகுதி என்று கேட்டார். குணா அண்ணை முந்திக்கொண்டு, நாங்களும் தீவுக்காரர்தான் மேடம் என்றார். அதற்குப் பிறகு அவருக்குப் பருத்தித்துறை ஜப்பான் என்று பெயர்.

ஆனால் எனக்கு இருந்த கரைச்சல் வேறு. என் காதுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்த மொழியில் பேசினாலும் அது எனக்குத் தமிழாகத்தான் விழும். முதலாளி ஒவ்வொரு வசனத்தையும் 'நே' என்று முடிப்பார். அவர்களது மொழியில் அது நம்முடைய 'என்ன?' போல ஒரு முத்தாய்ப்பு. எனக்கு அது 'நீ' என்றே கேட்கும். 'சோறு கூடிப்போச்சு, நீ.' 'கத்தி தீட்டேல்லை, நீ.' அந்த மனிசனுக்குத் தமிழ் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுருக்கென்று குத்தும். பத்து வயது மூத்தவர்தான், இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா!

அதைவிட மோசமானது ஒன்று ஆஸ்பத்திரியில் நடந்தது. சுகமா என்று கேட்க இங்கே பிரெஞ்சில் 'சா வா?' என்பார்கள். வருடக்கணக்காகக் கேட்டு, 'சா வா' என்றே பதிலும் சொல்லிப் பழகியவன் நான். ஆனால் என் பிள்ளை பிறந்த அன்று, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்த தாதி என் முகத்தைப் பார்த்து 'சா வா?' என்று கேட்டபோது எனக்கு அதுவும் தமிழாகத்தான் விழுந்தது. சாவா? யாருக்கு? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தரம்

எங்களுக்குக் கனகாலம் பிள்ளை இல்லை. இருக்கிற கோயிலெல்லாம் ஏறி இறங்கி, டொக்டர்மாரிடமும் ஏறி இறங்கி, இனி இல்லை என்று நானும் மனைவி வசந்தியும் ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு உண்டானது. உண்டானவன் பொறுமையாக இருந்தானா? தகப்பனின் பிள்ளை. காலத்துக்கு வெகு முன்னாலேயே வெளியே வந்துவிட்டான்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தான். மூக்கில் குழாய், நெஞ்சில் வயர்கள். இடைக்கிடை மூச்சு விட மறந்துபோவான். அப்போது பெட்டிக்கு மேலே உள்ள இயந்திரம் கத்தும். தாதி ஓடிவந்து அவன் உள்ளங்காலைத் தட்டுவார், அவனுக்கு ஞாபகம் வரும், மறுபடி மூச்சு விடுவான். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகாது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு அந்தரம் என்று ஒரு சொல் இருக்கிறது. எங்களோடு வேலை செய்த சென்னைப் பெடியன் ஒருவனிடம் 'எனக்கு அந்தரமாக் கிடக்கு' என்றேன். அவன் மேலே கூரையைப் பார்த்தான். அவனுக்கு அந்தரம் என்றால் ஆகாயத்தில் தொங்குவது. எங்களுக்கு இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நிலத்தில் கால் பாவாத ஒருவன் எப்படி ஓரிடத்தில் இருப்பான்?

நான் நடந்தேன். வீட்டில் நடந்தேன், ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்தேன், வேலைக்குப் போகும் பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டு போனேன். வசந்தி பெட்டிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக இருப்பாள். தாதிமார் பிள்ளையை எடுத்து அவளுடைய வெறும் நெஞ்சில் படுக்க வைப்பார்கள். தாயின் சூட்டிலும் இதயத் துடிப்பிலும் அவனுடைய மூச்சு ஒழுங்காகுமாம். நாங்கள் வீட்டில் அதை 'நெஞ்சில போடுறது' என்று சொல்லுவோம். நான் ஐந்து நிமிடம் எட்டிப் பார்ப்பேன், பிறகு கோப்பி வாங்கப் போய்விடுவேன். எவ்வளவு கோப்பி குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

மாமி, வசந்தியின் அம்மா, ஊரிலிருந்து நாள்தோறும் வீடியோவில் வருவார். பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு கழிந்தும் பிள்ளையின் இடுப்பில் ஒன்றும் இல்லை. அரைஞாணும் இல்லை, பஞ்சாயுதமும் இல்லை. சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு என்று ஐந்து ஆயுதம் பொறித்த அந்தச் சின்னப் பதக்கத்தைக் கட்டாமல் அவர் குடும்பத்தில் ஒரு பிள்ளையும் வளர்ந்ததில்லை. "ஒரு நூலாவது கட்டுங்கோ தம்பி" என்று கெஞ்சினார்.

தாதிமாரிடம் கேட்டேன். பிள்ளையின் உடம்பில் எதுவும் கட்டக்கூடாது, பெட்டிக்குள் எதுவும் வைக்கக்கூடாது, நூல் வேண்டவே வேண்டாம் என்றார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை அரைகுறை. ஆனால் அந்த வெறும் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம், பிள்ளையை ஒன்றும் கொடுக்காமல் சண்டைக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் தோன்றும்.

போ, ஆ, போ

பிறகு வசந்திக்குத் தடிமன் பிடித்தது. இருமலும் காய்ச்சலும். சுகமாகும் வரை அவள் அந்தப் பகுதிக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் தனியே போனேன்.

பகலில் அங்கே மிரேய் என்ற தாதி இருப்பார். நல்ல மனிசி. தமிழ்த் தாய்மாரிடம் நாலு சொல் பொறுக்கி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் 'வாங்கோ' என்பார். பிள்ளை அழுதால் 'பசி' என்பார். அன்று என்னைக் கண்டதும் வாங்கோ என்றுவிட்டு, பெரிய சாய்கதிரையைக் காட்டி, என் சட்டையைக் காட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார்: 'போ, ஆ, போ.'

நான் திகைத்துப் போனேன். வாங்கோவைப் படித்தவர் போவையும் படித்துவிட்டார். 'ங்கோ' சேர்க்க மட்டும் மறந்துவிட்டார். கதிரையில் ஏதோ வேலை இருக்கிறது போல, உன் சட்டையோடு இங்கே நிற்காதே, தகப்பன்மாருக்கு இங்கே என்ன வேலை, போ. எனக்கு அப்படித்தான் விளங்கியது. தலையை ஆட்டிவிட்டுப் போனேன். அடுத்த நாளும் அதே 'போ, ஆ, போ'. அன்றும் போனேன்.

உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம், மிச்சமெல்லாம் ஆறுதல்.

முதலாளி கட்டிக் காட்டியது

இப்போது கடைப் பெட்டியடிக்கு வருவோம். மீன்மடக்கி என் கையில். முதுகில் இரண்டு துளை. ஆண்பிள்ளை பலசாலியாக வளரக் காவலிருக்கும் வீரன். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? கட்ட விடாவிட்டால் பரவாயில்லை, பிள்ளை கிடக்கும் பெட்டியின் சக்கரத்தடியிலாவது ஒளித்து வைக்கலாம்.

முதலாளியிடம் நேராகப் போய்க் கேட்டேன். ஒரு கிழமைக்குத் தாருங்கள், பிள்ளைக்கு.

அவர் மாட்டேன் என்றார். யோசிக்கக்கூட இல்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. இவ்வளவு காலம் உன் கடையில் கை விறைக்கச் சோறு உருட்டியிருக்கிறேன், ஒரு மரப்பொம்மையைக் கேட்டால் இல்லையா என்று தமிழில் முணுமுணுத்தேன். துளையைக் காட்டி, இது இடுப்பில் கட்டுவதுதானே என்று எனக்குத் தெரிந்த அரைப் பிரெஞ்சில் சண்டைக்கு நின்றேன்.

அவர் முகம் மாறியது. யார் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை, எங்கள் ஊரில் பிள்ளைகளின் இடுப்பில் இப்படித்தான் கோத்துக் கட்டுவோம் என்றேன்.

இடுப்புக்குத்தான், ஆனால் பிள்ளைக்கு இல்லை என்றார். அந்தக் காலத்து உடுப்பில் பை கிடையாதாம். வளர்ந்த ஆம்பிளைகள் காசுப் பையையோ மருந்துச் செப்பையோ ஒரு கயிற்றில் கட்டி, இடுப்புப் பட்டிக்குள்ளால் விட்டு, கயிற்றின் மற்ற நுனியில் இந்த வீரனைக் கோத்து மேலே விடுவார்களாம். துளை பெரிதாக இருப்பது முடிச்சை உள்ளே ஒளிக்க.

சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ, மீன்மடக்கியை வாங்கிச் சமையலறைக் கயிற்றில் கோத்தார். கீழ் நுனியில் சில்லறைப் பையைக் கட்டினார். என் ஏப்ரன் கயிற்றுக்கு உள்ளால் விட்டு இழுத்தார். பை கீழே தொங்கியது. பிள்ளை என் இடுப்புக்கு மேலே மீனைப் பிடித்தபடி இருந்தான். குதி என்றார்.

குதித்தேன். குணா அண்ணை இறாலை விட்டுவிட்டு வந்து பார்த்தார். நன்றாகக் குதி என்றார் முதலாளி. குதித்தேன். சில்லறை கலகலத்தது, பை ஆடியது, விழவில்லை. மேலே இருந்தவன் அசையவே இல்லை.

விழாது, நே? என்றார்.

அவ்வளவுதானா என்று கேட்டேன். கரடியை வென்றவன், மீனை அடக்கியவன், அவனுக்கு இடுப்பில் வேலை இவ்வளவுதானா? ஓம், அவ்வளவுதான், கீழே உள்ளது விழாமல் அங்கே இருக்க வேணும் என்றார். அவிழ்த்து, துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அப்போதுதான் வசந்தியின் அழைப்பு வந்தது.

குரல் அடைத்துப்போய் இருந்தது. மிரேய் அவளோடு கதைத்தவராம். இரண்டு நாளாகக் கதிரை போட்டு வைத்து என்னைக் கூப்பிட்டவராம், நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டேனாம். ஏன் என்று கேட்டாள்.

"அவதானே என்னைப் போ எண்டவ."

"என்னெண்டு சொன்னவ?"

"போ, ஆ, போ எண்டு."

அந்தப் பக்கம் இருமல். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. அது பிரெஞ்சு என்றாள். தோலோடு தோல் என்று அர்த்தம். நெஞ்சில் போடுவதற்குத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்களாம். இரண்டு நாளாக அவனை யாரும் நெஞ்சில் போடவில்லை, மூச்சு மறுபடி அடிக்கடி மறந்துபோகிறது, இயந்திரம் கத்திக்கொண்டிருக்கிறது என்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

நான் மாமி கேட்ட நூலைப் பற்றியும், முதலாளி தர மறுத்த சிலையைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன்.

"இஞ்ச பாருங்கோ" என்றாள் வசந்தி. "போகச் சொன்னது உங்களுக்கு வசதியாப் போச்சு. எனக்கு உங்களைத் தெரியும். அவனுக்கு ஒண்டும் கட்ட வேண்டாம். நீங்கள் போய் அவனைப் பிடியுங்கோ."

பயம். அதுதான் விஷயம். ஐந்து நிமிடம் அசையாமல் இருக்கத் தெரியாதவன் நான். அந்த வயர்களோடு அவனை என் மேலே வைத்தால், நான் அசைந்து, ஏதாவது கழன்று, ஏதாவது நின்றுவிட்டால்? வேறு யாராவது பிடிக்கட்டும், ஒரு வீரனோ வைரவரோ, கையில் ஆயுதம் உள்ள யாராவது என்றுதான் இவ்வளவு நாளும் ஓடித் திரிந்திருக்கிறேன்.

முதலாளி என் ஏப்ரனை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். வெள்ளரிக்காயைத் தன் பக்கம் இழுத்துவைத்துவிட்டு, வாசலைக் காட்டினார்.

சாய்கதிரையில்

முழங்கை வரை கழுவினேன். சட்டையைக் கழற்றினேன். என்னில் வினாகிரிச் சோற்று மணம் வீசியது. மிரேய் பெட்டியைத் திறந்து, வயர்களை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, அவனை எடுத்து என் நெஞ்சில் வைத்துப் போர்வையால் மூடினார். பாரமே இல்லை. ஒரு சுண்டு அளவு அரிசியை நெஞ்சில் கொட்டினால்கூட அதைவிடக் கனக்கும். அவன் காது என் மார்க்காம்புக்குப் பக்கத்தில் சூடாக இருந்தது.

முதலில் மூக்கு அரித்தது. பிறகு வலது கால் தன்பாட்டில் ஆடப் பார்த்தது. இத்தனை வருடம் மேசைக்கடியில் ஆடிய கால், அதற்கு என்ன தெரியும்? பெருவிரலைச் சப்பாத்துக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். காற்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மாமியாகத்தான் இருக்கும். அதிரட்டும் என்று விட்டேன்.

இயந்திரம் கத்தியது.

என் உடம்பு முழுவதும் எழும்பிவிட்டது, எழும்பாதது நான் மட்டும்தான். மிரேய் வந்தார், ஆனால் அவனைத் தட்டவில்லை. என் தோளில் கையை வைத்து, நீ மூச்சு விடு என்று சைகை காட்டினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். விட்டேன். மெதுவாக இழுத்தேன், விட்டேன். நெஞ்சு ஏறி இறங்க அவனும் ஏறி இறங்கினான். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, போர்வைக்குள் அவனுடைய முதுகு தானாக ஏறியது. சத்தம் நின்றது.

இன்றைக்குப் பிள்ளைகள் காப்பகமான கார்டரியிலிருந்து ஓடிவந்து என் முதுகில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறவன் அவன்தான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த மூச்சு. அது வந்தது. பிறகு அதற்கு அடுத்தது.

யன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. பக்கத்துப் பெட்டித் தாய் வந்தார், போனார். என் கால் மரத்துப்போனது. முதுகு பிடித்துக்கொண்டது. எந்தக் கலியாண வீட்டிலும் தாலி ஏறியதும் முதல் ஆளாகச் சாப்பாட்டுக்கு எழும்புகிறவன் நான், செத்த வீட்டிலும் வெளியே போக முதல் ஆளாகப் படலையைத் திறக்கிறவன்.

நேரம் முடிந்துவிட்டது என்று மிரேய் வந்து போர்வையை விலக்கக் கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு அது விளங்கியது.